மஞ்சளான புளூபெரிச் செடிகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. முழங்கால் வலியை மட்டும் தள்ளிப் போடாதே, மருத்துவரைப் பார்த்துவிடு.

எருவை மட்டுமே போட்டு ஸ்ட்ராபெரி வளர்த்தால் பழத்தில் சத்து கூடுமா என்று கேட்டிருந்தாய். போன வருடம் நன்றாக மட்கிய தொழு உரத்தை ஸ்ட்ராபெரிக்கும் புளூபெரிக்கும் ஒரே அளவில் போட்டேன். ஸ்ட்ராபெரி தளதளவென்று வந்தது. புளூபெரியில் துளிர் இலையெல்லாம் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றன. உரம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு கூடை அள்ளிப் போட்டேன். இன்னும் மஞ்சளானது.

அப்புறம்தான் மண்ணைச் சோதித்தேன். பி.எச் (அமில, கார அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 6.8! புளூபெரிக்கு 4.5 முதல் 5.5 வரைதான் ஆகும். தொழு உரம் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. அமிலம் குறைந்ததால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை. இப்போது மண்ணில் அமிலத்தைக் கூட்டக் கந்தகத் தூள் கலந்து, பைன் பட்டையால் மூடாக்கு போட்டிருக்கிறேன். மெதுவாகத்தான் வேலை செய்கிறது. இந்த வாரம் இரண்டு துளிர் பச்சையாக வந்திருக்கிறது, தினமும் போய்ப் பார்க்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மண்ணியல் அறிஞர் ஜான் ரெகனால்டும் அவர் குழுவினரும் கலிபோர்னியாவில் இயற்கை முறை ஒன்று, வழக்கமான முறை ஒன்று என்று 13 ஜோடி ஸ்ட்ராபெரித் தோட்டங்களை ஒப்பிட்டு 2010-ல் எழுதியிருக்கிறார்கள். இயற்கை முறைப் பழங்களில் வைட்டமின் சி கூடுதல், பீனாலிக் பொருட்களும் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை) கூடுதல். ஆனால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) குறைவு. அதனால் எந்தச் சத்து என்று கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எருவில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகுதான் செடி எடுக்கும். குளிர்ந்த மண்ணில் அது இன்னும் தாமதம். அதனால் நடுவதற்குச் சில வாரம் முன்பே போட்டுவிடு. கோழி எரு என்றால் கை கொஞ்சம் அடங்கட்டும். தழைச்சத்து மிஞ்சினால் இலை செழிக்கும், பழம் கொழகொழத்துச் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். கோழி எருவில் உப்பும் அதிகம், ஸ்ட்ராபெரி வேர் தாங்காது.

முதலில் மண்ணைச் சோதித்து எண்ணை எழுதி அனுப்பு. ஸ்ட்ராபெரியின் ஓடுகொடிக் கன்றுகளை வேர் பிடிக்க வைத்திருக்கிறேன், உனக்குப் பத்து எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ரகு