ஆட்டோமேட்டிக் காரின் கியர் நாப் வெறும் அலங்காரப் பொருளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் உட்புறத்தை விருப்பம்போல் மாற்றி அமைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இருக்கை உறை, தரைவிரிப்பு, ஸ்டீயரிங் உறை ஆகியவற்றின் வரிசையில் கியர் நாபையும், அதாவது கியர் லீவர் கம்பியின் உச்சியில் கையால் பிடிக்கும் குமிழையும் வைத்து, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைத் திருகினால் வேலை முடிந்தது என்று அதில் ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தது. மேனுவல் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த வரி ஏறத்தாழச் சரி. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர் அதை நம்பிக் கையில் திருப்புளியை எடுத்தால், காரின் பாதுகாப்புப் பூட்டு ஒன்றைத் தம்மையறியாமல் கழற்றி வைத்துவிட வாய்ப்புண்டு. வாகனப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறேன்.

மேனுவல் காரின் கியர் கம்பி நுனியில் மரை வெட்டப்பட்டிருக்கும். நாப் அதன்மேல் திருகி உட்காரும். ரிவர்ஸுக்கு ஒரு வளையத்தை மேலே தூக்க வேண்டிய கார்களைத் தவிர்த்துப் பார்த்தால், அந்த நாபுக்குக் கைப்பிடியாக இருப்பதைத் தாண்டி வேறு பொறுப்பு இல்லை. மரையின் அளவு பொருந்தினால் போதும். ஹோண்டாவின் மேனுவல் கார்களில் 10 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் வழக்கம். டொயோட்டாவில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.25 மில்லிமீட்டர் இடைவெளியும் இருக்கும். இந்த அளவைப் பார்த்து வாங்குபவருக்கு அதிகமாக என்ன கெட்டுவிடப் போகிறது?

ஆட்டோமேட்டிக் காரில் நிலைமை வேறு. பக்கவாட்டிலோ முன்புறத்திலோ பொத்தான் வைத்த நாபை எடுத்துக்கொள்வோம். அந்தப் பொத்தானை அழுத்தும்போது, உள்ளீடற்ற கியர் கம்பிக்குள் இருக்கும் மெல்லிய தண்டு ஒன்று கீழே தள்ளப்படுகிறது, அல்லது சில வடிவமைப்புகளில் மேலே இழுக்கப்படுகிறது. அந்தத் தண்டின் அடியில் ஒரு முள் இருக்கிறது; அது பள்ளங்கள் வெட்டப்பட்ட ஒரு தகட்டில் பதிந்திருக்கும். காரை நிறுத்தி வைக்கும் பார்க் நிலைக்கு ஆழமான பள்ளம், ரிவர்ஸுக்கு ஒரு படி, நியூட்ரலுக்கும் டிரைவுக்கும் இடையே தடையில்லாத வழி என்று அந்தத் தகட்டின் வடிவமே எந்த இடத்துக்குப் பொத்தான் தேவை, எந்த இடத்துக்குத் தேவையில்லை என்பதைத் தீர்மானிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் காரில் கை தவறிப் பட்டு லீவர் டிரைவிலிருந்து ரிவர்ஸுக்குப் போகாமல் தடுப்பது இந்த முள்தான். பார்க்கில் நிறுத்திய காரின் லீவரைக் குழந்தை இழுத்தால் வராமல் இருப்பதும் இதனால்தான்.

இத்துடன் இன்னொரு பூட்டும் உண்டு. பிரேக் பெடலை மிதித்தால்தான் பார்க்கிலிருந்து லீவரை எடுக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை நடத்துவது லீவரின் அடியில் உள்ள சொலினாய்டு என்ற சிறு மின்காந்தக் கருவி. பல கார்களில் அது செய்யும் வேலை மிக எளிமையானது: பிரேக் மிதிக்கப்படாத வரை, பார்க் பள்ளத்தில் பதிந்திருக்கும் முள்ளை அங்கிருந்து அசைய விடாமல் பிடித்து வைக்கிறது. அமெரிக்காவில் 2010 செப்டம்பர் 1 முதல் தயாரிக்கப்படும், பார்க் நிலை கொண்ட ஆட்டோமேட்டிக் கார்களில் இந்தப் பிரேக் பூட்டு சட்டப்படி கட்டாயம். தனியே விடப்பட்ட குழந்தைகள் லீவரை இழுத்துக் காரை உருள விடுவதைத் தடுப்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம்.

நாபை மாற்றுபவர் கை வைப்பது இந்த ஏற்பாட்டின் மேல்முனையில். புதிய நாபின் பொத்தான் அந்தத் தண்டைச் சரியான அளவு தள்ள வேண்டும். கை எடுத்ததும் முழுவதுமாகத் திரும்பி வர வேண்டும். இந்தப் பயணத்தில் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலும் தொல்லைதான். அந்தப் பிசகு இரண்டு விதமாக நேரலாம்; இரண்டும் சம அளவு ஆபத்தானவை அல்ல.

தண்டு போதிய தூரம் நகரவில்லை என்றால், முள் பள்ளத்தை விட்டு முழுமையாக விலகாது. லீவர் பார்க்கிலேயே சிக்கிக்கொள்ளும். உரிமையாளருக்கு எரிச்சல் வரும், பூட்டை விடுவிக்க லீவருக்கு அருகில் சிறு மூடிக்கு அடியில் இருக்கும் துவாரத்தைத் தேடுவார், கடைசியில் பழைய நாபையே மாட்டிக்கொள்வார். கார் எங்கும் போகாது என்பதால் இதில் அபாயம் குறைவு.

எதிர்ப்பக்கப் பிசகுதான் கவலைக்குரியது. நாபை அதிகமாக இறக்கித் திருகிவிட்டாலோ, உள்ளே வைத்த இணைப்புத் துண்டு தேவைக்கு மேல் நீளமாக இருந்தாலோ, பொத்தானை யாரும் தொடாதபோதும் தண்டு அழுந்திய நிலையிலேயே நிற்கும். அப்போது முள் பார்க் பள்ளத்தில் பதிவதே இல்லை. பதியாத முள்ளைச் சொலினாய்டு எப்படிப் பிடித்து வைக்கும்? பொத்தான் பூட்டு, பிரேக் பூட்டு என்ற இரண்டும் ஒரே பிசகில் செயலிழந்து போகின்றன. ஆனால் காரோ எப்போதும்போல ஓடுகிறது. எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை, சத்தம் வருவதில்லை. சொல்லப்போனால் லீவர் முன்பைவிட இலகுவாக நகர்கிறது என்று உரிமையாளர் மகிழவும் கூடும். அந்த இலகுத்தன்மையே கோளாறின் அடையாளம் என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இதன் தொடர்விளைவாக வருவது பொய்யான பார்க் நிலை. பார்க்கில் போடும்போது கியர்பெட்டிக்குள் ஒரு கொக்கி, சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டில் உள்ள பல் சக்கரத்தில் விழுந்து சக்கரங்களைப் பூட்டுகிறது. லீவர் கடைசிவரை போய் முள் பதிந்தால்தான் அந்தக் கொக்கி விழுந்ததாக நம்ப முடியும். பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் இடையில் லீவர் நின்றுவிட்டால், பார்வைக்குப் பார்க் போலவே இருக்கும். எஞ்சின் ஓடும் அதிர்வில் அது ரிவர்ஸுக்கு நழுவினால் கார் தானாகப் பின்னால் போகும். ஃபோர்டு நிறுவனத்தின் 1966 முதல் 1980 வரையிலான ஆட்டோமேட்டிக் வண்டிகளைப் பற்றி அமெரிக்காவில் எழுந்த பெரும் சர்ச்சை இதைக் குறித்ததே. முடிவில் ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்களுக்கு, டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ள எச்சரிக்கைச் சீட்டுகள் அனுப்பப்பட்டன. கம்பெனியிலிருந்து வந்த லீவரிலேயே இப்படி ஒரு கேள்வி எழ முடியுமென்றால், பொருந்தாத நாபை நாமே மாட்டிய லீவரைப் பற்றி எவ்வளவு கவனம் வேண்டும்?

சிறு அறிகுறிகளும் உண்டு. பல கார்களில் லீவர் பார்க்கில் முழுமையாக அமர்ந்ததை அறிய ஒரு நுண் சுவிட்ச் இருக்கிறது. பொத்தான் முழுவதும் மேலே வராவிட்டால் அந்தச் சுவிட்சுக்குத் தகவல் போகாது. சாவி வெளியே வர மறுக்கும், அல்லது பார்க்கில் போடுமாறு திரையில் செய்தி வந்துகொண்டே இருக்கும். மின்சாரம் முழுமையாக அணையாததால் பேட்டரி இறங்கிப்போவதும் நடக்கும். நாப் மாற்றிய பிறகு இவற்றில் எது தலைகாட்டினாலும், பேட்டரியையோ சாவியையோ சந்தேகிக்கும் முன் நாபைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் நாப்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. உள்ளே ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாயைச் செருகி, பக்கவாட்டில் மூன்று சிறு கிரப் ஸ்க்ரூக்களை அல்லன் கீயால் இறுக்கி நிறுத்துவதே அவற்றின் பொதுவான அமைப்பு. மரையில் உட்காராத நாப் அதிர்வில் தளரும், சுழலும், ஒருநாள் அவசரமாக ரிவர்ஸ் எடுக்கும்போது கையோடு வந்துவிடும். பொத்தானே இல்லாத நாபை வாங்கி, உள்ளே இருக்கும் தண்டைக் கட்டியோ ஒட்டியோ நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் ஆட்டோமேட்டிக் காரில் நாபை மாற்றவே கூடாதா என்றால், தாராளமாக மாற்றலாம். அதே மாடலின் உயர்ரக வகைக்குக் கம்பெனியே தரும் தோல் நாப் மிகப் பாதுகாப்பான வழி. அடுத்தது, குறிப்பிட்ட மாடலையும் ஆண்டையும் பெயர் சொல்லி, பொத்தானும் ஸ்பிரிங்கும் இணைப்புத் துண்டும் சேர்த்து விற்கப்படும் நாப். வளைந்து நெளிந்து செல்லும் தடத்தில் நகரும் லீவர்கள் சிலவற்றில் பொத்தானே கிடையாது. நிலைகளைப் பிரிக்கும் வேலையைத் தடத்தின் வடிவமே செய்துவிடுகிறது. அந்தக் கார்களில் மரை பொருந்தும் நாபைத் திருகுவது மேனுவல் காரைப் போலவே எளிது.

கழற்றும் முறை காருக்குக் கார் மாறும். சிலவற்றில் தோலுறையின் கழுத்துப் பகுதியை இறக்கினால் இரண்டு ஸ்க்ரூக்கள் தெரியும். சிலவற்றில் ஒரு கிளிப்பை இழுக்க வேண்டும். சிலவற்றில் நாபை நேராக மேலே பிடுங்கத்தான் வேண்டும், அப்போது முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளாதவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். பொத்தானும் ஸ்பிரிங்கும் துள்ளி ஓடி இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொள்வது சாதாரணம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே நாபைத் தொட வேண்டும். நாபில் ஓவர்டிரைவ் அல்லது ஸ்போர்ட் பொத்தான் இருந்தால் கம்பிக்குள் மின்வயர்கள் வரும். அவற்றை வெட்டிவிட்டு அப்படியே விட்டால் அந்த வசதி போய்விடும் என்பதோடு, வெட்டிய முனைகள் ஒன்றோடொன்றோ இரும்பிலோ உரசும். வயர் உள்ள நாபை மாற்றாமல் இருப்பதே என் ஆலோசனை.

மாட்டி முடித்ததும் சோதிக்காமல் சாலைக்குப் போகக் கூடாது. சக்கரக் கட்டைகளை எடுக்காமல், முதலில் பொத்தானை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தண்டில் பிடிக்கும் முன் இம்மியளவு தளர்வு இருக்க வேண்டும், அழுத்திவிட்டதும் அது தானாக மேலே வர வேண்டும். பிரேக்கை மிதிக்காமல் பார்க்கிலிருந்து இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. பிரேக்கை மிதித்து, பொத்தானைத் தொடாமல் இழுத்துப் பாருங்கள், அப்போதும் வரக் கூடாது. பிறகு நியூட்ரலிலிருந்து ரிவர்ஸுக்கும் ரிவர்ஸிலிருந்து பார்க்குக்கும், முன்பு பொத்தான் தேவைப்பட்ட எல்லா இடங்களிலும் இப்போதும் தேவைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இதை ஒப்பிட, பழைய நாப் இருக்கும்போதே ஒருமுறை எல்லா நிலைகளுக்கும் போட்டுப் பார்த்து நினைவில் வைத்திருப்பது உதவும். சில நாட்கள் ஓட்டிய பின் இதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். ஸ்க்ரூ தளர்வது அப்போதுதான் தெரியும்.

கனமான உலோக நாபால் கியர் மாறுவது மென்மையாகும் என்ற பேச்சையும் ஆட்டோமேட்டிக் காருக்கு இழுத்துவருகிறார்கள். மேனுவலில் அந்தக் கனத்தின் உந்துதல் கையில் ஓரளவு உணரக்கூடியது. ஆட்டோமேட்டிக்கில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுவது நம் கை அன்று. எண்ணெய் அழுத்தமும் கணினியும் அந்த வேலையைச் செய்கின்றன. நாபில் எவ்வளவு கனம் சேர்த்தாலும் அவற்றுக்குத் தெரியப்போவதில்லை. ஐந்து கியர் படம் பொறித்த நாபை ஆட்டோமேட்டிக்கில் மாட்டுவது இன்னும் வேடிக்கை. காரின் சொந்தக்காரருக்கு அது சிரிப்பாக இருக்கலாம்; அவசரத்தில் அந்தக் காரை எடுக்க நேரும் வேறொருவருக்கு இருக்காது.

லீவர் வெறும் மின்சுவிட்சாக இருக்கும் புதிய கார்களில் நாபும் லீவரும் ஒரே பாகம். அதைத் தொடாமலிருப்பதே சரி. போட்ட நிலையில் நிற்காமல் நடுவுக்கே திரும்பி வரும் அத்தகைய லீவர் ஒன்றினால், பார்க்கில் போட்டுவிட்டதாக நினைத்து ஓட்டுநர்கள் இறங்கிவிட, கார்கள் உருண்ட நிகழ்வுகளை ஒட்டி 2016இல் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. லீவரின் நிலையைக் கையும் கண்ணும் சந்தேகமின்றி அறிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதுவே சான்று.

எனவே தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில், ஆட்டோமேட்டிக் காரின் நாப் பற்றித் தனியாக ஒரு விளக்கக் குறிப்பாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நாப் விற்பவர்களும் 'எல்லாக் கார்களுக்கும்' என்ற வாசகத்துக்குப் பதிலாக, மேனுவலுக்கா ஆட்டோமேட்டிக்குக்கா, எந்த மாடல், பொத்தான் சேர்ந்ததா, மரை என்ன அளவு என்ற நான்கு விவரங்களைப் பெட்டியின் மேலேயே அச்சிடலாம். ஏற்கெனவே நாப் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கும் வாசகர்கள், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு காரை எடுக்கும் முன், பிரேக்கை மிதிக்காமல் லீவரை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர் ஒருவர்