பாவ அறிக்கை தப்பிக்கும் வழியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

"செய்வதையெல்லாம் செய்துவிட்டுக் கடவுளிடம் சொல்லிவிட்டால் போதும், கிறிஸ்தவர்களுக்குக் கணக்குத் தீர்ந்துவிடும்" என்ற பேச்சைக் கொழும்பில் அடிக்கடி கேட்கிறேன். அதே கருத்தில் உங்கள் பத்திரிகையில் வெளிவந்த வாசகர் கடிதம் ஒன்றையும் படித்தேன். எழுதியவர் மீது எனக்குக் கோபமில்லை. அப்படி நினைக்க இடம் கொடுத்தவர்கள் கிறிஸ்தவர்களாகிய நாங்கள்தான். ஆனால் வேதம் சொல்லும் பாவ அறிக்கை அதுவல்ல.

வேதத்தில் எண்ணாகமம் என்ற புத்தகத்தின் 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பிறருக்குத் தீங்கிழைத்தவர் பாவத்தை அறிக்கையிட வேண்டும். அத்தோடு, எடுத்ததை முழுவதுமாக, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உரியவரிடம் கொடுக்க வேண்டும். வரி வசூலித்த சகேயு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவே இயேசுவிடம் சொன்னான். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும், ஒப்புரவு பெறுகிறவர், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுகிறவர், களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவதூறு பேசிக் கெடுத்த பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது. இதில் கணக்கு எங்கே தீர்ந்தது? அங்கேதான் தொடங்குகிறது.

எல்லாம் அறிந்த கடவுளிடம் எதற்காகச் சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வேதத்தில் வரும் தாவீது அரசன் பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். கடவுளுக்கு அது தெரியும். தாவீதுதான் தனக்குத் தானே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னபோது, அந்தப் பணக்காரன் சாக வேண்டும் என்று அரசன் கொதித்தெழுந்தான். தான்தான் அந்த மனிதன் என்று கேட்ட பிறகுதான் அவன் வாய் திறந்து ஒப்புக்கொண்டான். மன்னிப்புக் கிடைத்தது, அந்தப் பாவத்தின் விளைவுகள் அவன் வீட்டைவிட்டுப் போகவில்லை.

ஞாயிறு ஆராதனையில் சிந்தையாலும் சொல்லாலும் செயலாலும் பாவம் செய்தோம் என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறோம். அதில் யாருக்கும் வலிப்பதில்லை. "மலையகத்திலிருந்து என் வீட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்குப் பேசிய சம்பளத்தைக் கொடுக்கவில்லை", "என் கடையில் வேலை செய்கிறவர்களின் சேமலாப நிதியைக் கட்டாமல் விட்டேன்" என்று நடந்ததை நடந்தபடி கடவுள் முன் சொல்லிப் பார்க்கட்டும், நாக்கு எழாது. தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டவரோ மறுநாளும் அதே குறைந்த சம்பளத்தை அந்தப் பெண்ணின் கையில் வைக்கத் துணியமாட்டார்.

எதிர்ப்பக்கத்தில், செய்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அடக்கி வைத்திருந்தவரை எலும்புகள் உலர்ந்துபோயின என்று வேதத்தின் 32ஆம் சங்கீதம் சொல்வது இவர்களைத்தான். இவர்களைத் துரத்தாத ஒரு வாசல் உண்டென்று சபை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். இரக்கம் இல்லாத இடத்தில் எவரும் உண்மையைச் சொல்ல வருவதில்லை.

எனவே போதகர்களுக்கும் குருமார்களுக்கும் என் வேண்டுகோள்: பாவ அறிக்கையைச் சொல்லும் முன் அவசரப்படாமல் சில நிமிடங்கள் அமைதிக்கு விடுங்கள். திருப்பிக் கொடுப்பதைப் பற்றியும் பிரசங்கியுங்கள். ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து எனும் தபசு நாட்களோடு இதை நிறுத்திவிடாமல், ஆண்டு முழுவதும் ஆராதனை ஒழுங்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சபை அங்கத்தவர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு