ரக்கூனுக்கே ரக்கூன் தொப்பி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பழைய காமிக்ஸ் கட்டுரையில் டேவி கிராக்கெட்டைக் 'கற்பனை வீரர்' என்று எழுதிவிட்டீர்கள். நிஜ மனிதர் சார். இன்றைய டென்னசியில் 1786-ல் பிறந்து, அமெரிக்க நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து, 1836-ல் டெக்சஸில் அலமோ கோட்டை முற்றுகையில் இறந்தவர்.

என்னிடம் அட்டை கிழிந்த அமெரிக்க காமிக்ஸ் ஒன்று இருக்கிறது, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. அதில் கிராக்கெட் மாதிரி துப்பாக்கியோடு திரிவது ஒரு ரக்கூன், அதாவது வாலில் வளையம் வளையமாக இருக்கும் அமெரிக்கக் காட்டுப் பிராணி. தலையில் வால் தொங்கும் ரக்கூன் தோல் தொப்பி! பேத்தி பார்த்துவிட்டு, "தாத்தா, அந்தத் தொப்பி அதோட சித்தப்பாவா?" என்றாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

1955 வாக்கில் கிராக்கெட்டைப் பற்றிய டிஸ்னி டிவி தொடரைப் பார்த்த அமெரிக்கப் பிள்ளைகள் அந்தத் தொப்பிக்கு அலைந்தார்கள். ஆனால் கிராக்கெட்டைக் கேலி செய்வது அதற்கு வெகு முன்பே தொடங்கியாச்சு. அவரை நக்கலடித்து 1831-ல் நியூயார்க்கில் ஒரு நாடகமே போட்டார்கள். அப்புறம் வாஷிங்டனில் அதை அவரே போய்ப் பார்த்தார். மேடையிலிருந்து நடிகர் வணங்க, இவரும் எழுந்து வணங்கினாராம்.

திருத்தம் போடும்போது அந்தத் தொப்பியின் படத்தையும் போடுங்கள். பேத்தி வெட்டி ஒட்டிக்கொள்வாள்.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
கும்பகோணம்.