நீர்க்கட்டி இல்லாத குடிமராமத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து என்றாலே இப்போது மண் அள்ளும் இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது. 2017-ல் அரசு அத்திட்டத்தை மறுபடி தொடங்கியபின் பல கண்மாய்கள் தூர்வாரப்பட்டன. நல்ல காரியம். ஆனால் கண்மாய் பெருகிய பிறகு தண்ணீரைப் பங்கிடுவதில்தான் ஊர் ஒற்றுமைக்கு வேலையே இருக்கிறது. அதைப் பற்றியும், தண்ணீரைப் பங்கிட்டுவிடும் ஊர் ஆளான நீர்க்கட்டியைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை.

வினாடிக்கு 1 கன அடி ஓடும் வாய்க்கால், 1 மணி நேரத்தில் 1 ஏக்கருக்கு ஏறக்குறைய 1 அங்குலம் தண்ணீர் கட்டும். 2 அங்குலம் நிற்க ஏக்கருக்கு 2 மணி நேரம். ஒரு மடையில் (கண்மாய் மதகில்) பாயும் நிலம் 60 ஏக்கர் என்றால், இரவு பகலாகப் பாய்ந்தாலும் ஒரு முறை சுற்றிவர 5 நாள். காகிதத்தில் கணக்கு சரிதான். தகராறு வாய்க்காலில் வருகிறது. காய்ந்த வாய்க்கால் முதல் தண்ணீரைத் தானே குடித்துவிடும். கடைமடைக்கு வந்துசேரும் நேரத்தையும் கடைமடைக்காரரின் முறை நேரத்திலேயே கழித்தால், அவர் வயலில் மண் நனைவதோடு சரி. அந்த நேரத்தைப் பொதுவில் வைத்து, வயலுக்குள் நீர் நுழையும் வாமடையைத் தண்ணீர் தொட்ட பிறகே மணி பார்க்க வேண்டும்.

ராத்திரி 2 மணிக்கு இதையெல்லாம் நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அவர்தான் நீர்க்கட்டி. மடை திறப்பதும் அடைப்பதும் அவர் ஒருவரே. எலி வளை, நண்டு வளைகளை மண் கெட்டித்து அடைப்பார். கரையின் வெளிப்புறக் கசிவு தெளிவாக இருக்கிறதா, கலங்கி வருகிறதா என்று பார்ப்பார். கலங்கி வந்தால் கரை மண் உள்ளே அரிபடுகிறது என்று பொருள். உடனே ஊரைக் கூட்டி, கசிவைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கவேண்டும்.

அவருக்குக் கூலி, ஏக்கருக்கு இவ்வளவு என்று களத்தில் நெல்லாக அளந்தார்கள். ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டவர்கள் பங்கு தருவதை நிறுத்தியதும் பல ஊர்களில் அந்த வேலைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. கண்மாய் பெருகினால்தானே அவர்கள் போரிலும் தண்ணீர் ஏறுகிறது? அவர்களும் பங்கு தருவதுதான் நியாயம்.

புரட்டாசி மழைக்கு முன்பே ஒவ்வொரு மடைக்காரர்களும் கூடி, சர்வே எண், ஏக்கர், முறை நேரம், நீர்க்கட்டியின் கூலி நான்கையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மராமத்துக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகள், மதிப்பீட்டோடு அந்தத் தாளையும் கேட்டு வாங்கும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயிகள்,
மதுரை மாவட்டம்.