ட்யூட்டி முடித்தவரை வீட்டுக்கு அனுப்புங்கள்: ஒரு பிஜி மருத்துவரின் மனைவி எழுதும் மடல்

மருத்துவக் கல்லூரித் துறைத்தலைவர்களுக்கும் யூனிட் சீஃப்களுக்கும் வணக்கம்.

என் கணவர் பொது மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டு பிஜி, அதாவது மேற்படிப்பு படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மருத்துவர். அவருடைய யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் காலை ஏழரைக்குக் கிளம்பினால், மறுநாள் இரவு எட்டு மணிக்குத்தான் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். பகலில் ஓபி, ராத்திரி கேஷுவாலிட்டி, விடிந்ததும் ரவுண்ட்ஸ், அப்புறம் வார்டு வேலை. நடுவில் நாற்காலியில் அரைமணி நேரம் கண்ணசந்தால் உண்டு.

அப்படி வந்த ஒரு ராத்திரி எங்கள் நான்கு வயது மகள் பாலைக் கொட்டிவிட்டாள். அவர் போட்ட சத்தத்தில் பிள்ளை நடுங்கிப்போய் என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். கத்தியவரே துணி எடுத்து வந்து, தரையைத் துடைத்துக்கொண்டே அழுதார். ஊரிலிருந்து மாமியார் போன் செய்தால் எடுப்பதில்லை. "எம்புள்ள மாறிட்டாம்மா" என்று அவர் என்னிடம் அழுகிறார். நானும் அப்படித்தான் நம்பத் தொடங்கியிருந்தேன். எங்களுக்குள் பேச்சே அற்றுப்போயிருந்தது.

பொங்கலுக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. இரண்டு நாள் தூங்கினார். மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவிடம் பழங்கதை பேசியபடி மகளுக்குக் கரும்பு சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கட்டிக்கொண்ட மனிதரை எட்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உங்களுக்கு மருத்துவம் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் 2007இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சுமார் 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டியபோது, மூளையில் அச்சத்தையும் கோபத்தையும் எழுப்பும் அமிக்டலா, தூங்கியவர்களுடையதைவிட 60 சதவீதம் கூடுதலாகக் கொந்தளித்தது. அதை அடக்கிவைக்கும் மூளையின் முன்பகுதியோடு அதன் தொடர்பும் தளர்ந்திருந்தது. அந்த 35 மணி நேரம் என் கணவரின் ஒரே ஒரு ட்யூட்டி.

பிஜிக்களைப் போன்ற உறைவிட மருத்துவர்களின் தொடர் பணி 12 மணி நேரத்தையும், வாரப் பணி 48 மணி நேரத்தையும் பொதுவாகத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1992லேயே சொல்லிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைகளும் போதிய ஓய்வு தரச் சொல்கின்றன. "நாங்களும் இப்படித்தான் படிச்சு வந்தோம்" என்பீர்கள். உண்மைதான். அந்த வருடங்களில் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள் என்று உங்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். இரவு ட்யூட்டி பார்த்தவர், காலையில் நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைத்ததும் வீட்டுக்குப் போகட்டும். அதை ட்யூட்டிப் பட்டியலான ரோஸ்டரில் எழுதி, எழுதியபடி நடத்துங்கள். ஆள் போதவில்லை என்பது எனக்கும் தெரியும். கூடுதல் பணியிடம் கேட்டு அரசுக்கு நீங்கள் மனு எழுதும் நாளில் எங்களையும் கூப்பிடுங்கள். குடும்பத்தோடு வந்து கையெழுத்துப் போடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு பிஜி மருத்துவரின் மனைவி