நாகர்கோவிலில் ஃபோர்க் சீல் இருப்பு வையுங்கள்

650 சிசி ஸ்போர்ட் பைக் விற்கும் நிறுவனங்களின் உதிரிபாகப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் வண்டிகளில் தேயும் பாகங்களை நாகர்கோவிலிலேயே இருப்பு வையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். குமரி மாவட்டத்திலிருந்து இதே கோரிக்கை உங்களுக்குப் பலமுறை வந்திருக்கிறது. இந்த மழையிலும் முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் இரட்டைக் குழாய்) எண்ணெய் வழிந்து ஒரு வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. அந்த எண்ணெயை உள்ளே தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான சீலைக் கேட்டால் "ஆர்டர் போட்டிருக்கு, வரும்" என்ற பதில்தான். எப்போது வரும் என்று கேட்டால் யாரும் தேதி சொல்வதில்லை.

இந்த வண்டிகளை நீங்கள் விற்பதே "தினசரி ஓட்டத்துக்கும் ஏற்ற ஸ்போர்ட் பைக்" என்று சொல்லித்தான். அதில் பொய்யில்லை. ஏறத்தாழ 200 கிலோ எடை, பெரும்பாலானவற்றில் குறைந்த ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே) இழுக்கும் இரட்டை சிலிண்டர், முதுகு ஒடியாத ஹேண்டில்பார். தக்கலை நெரிசலில் ஊர்ந்து போகவும் இது சரிவரும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் குறுக்குக் காற்றில் அசையாமல் போகவும் சரிவரும். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அதை நம்பித்தான் வாங்கினார்கள். தினமும் ஓடும் வண்டிக்குத் தினமும் தேயும் பாகங்கள் உண்டு. அவை ஓடுகிற ஊரில் கிடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

ஃபோர்க் சீலையே எடுத்துக்கொள்வோம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஓடும் வண்டியில் உப்புக் காற்று பட்டு ஃபோர்க் குழாயின் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி விழும். வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி சீலின் உதட்டை, அதாவது குழாயை ஒட்டிப் பிடிக்கும் விளிம்பை, உரசிக் கிழிக்கும். கடற்கரை மணல், மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலுக்கு அடியில் புகுந்தாலும் ஒழுகும். மணல் மட்டும்தான் காரணமென்றால் டஸ்ட் சீலைக் கீழிறக்கி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கொக்கிபோல் வெட்டி உதட்டைச் சுற்றி ஓட்டி எடுத்தால் ஒழுக்கு நிற்கும். அதை எங்கள் ஊர் மெக்கானிக்குகளே செய்துவிடுகிறார்கள். உதடு கிழிந்திருந்தால் சீலை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சீல் இல்லாமல் தள்ளிப்போட்டால் எண்ணெய் ஃபோர்க்கின் வெளிப்புறமாக வழிந்து இறங்கி, முன் பிரேக்கின் காலிப்பரிலும் (பேடை அழுத்தும் பாகம்) டிஸ்க்கிலும் படிகிறது. எண்ணெய் குடித்த பிரேக் பேடை எதைக்கொண்டு கழுவினாலும் நம்பி ஓட்ட முடியாது. தூக்கித்தான் போட வேண்டும். அப்போது பேடும் வேண்டும். அதுவும் இங்கே இருப்பு இல்லை.

பேரிங் கடையில் கிடைக்கும் சீலை வாங்கிப் போடலாமே என்று உங்கள் பக்கத்திலிருந்தே யோசனை வந்திருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் குழாய் 41 மில்லிமீட்டர் என்பதால் உள்விட்டம் ஒத்துப்போகலாம். வெளிவிட்டம் 53ஆ 54ஆ, உயரம் எவ்வளவு என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் சீல் உட்காராது, குறைந்தால் ஓரமாகக் கசியும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

சீல் கிடைத்தாலும் வேலை சுலபமில்லை. காலிப்பர், முன் சக்கரம், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி, ஃபோர்க்கின் மேல்மூடியைத் திறந்து, எண்ணெயை வடித்து, அடியிலுள்ள ஆலன் போல்ட்டை எடுக்க வேண்டும். உள்ளே டாம்பர் ராடு (அதிர்வை அடக்கும் உள்தண்டு) கூடவே சுற்றினால் அதைப் பிடிக்கத் தனி டூல் வேண்டும். சீலைப் பிடித்திருக்கும் சர்க்லிப்பை (கம்பி வளையம்) எடுத்து, புதுச் சீலை அதற்குரிய சீல் டிரைவர் என்ற கருவியால் நேராக இறக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் தட்டி இறக்கினால் புதுச் சீலும் கிழியும். அடிபோல்ட்டின் செம்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். ஸ்பிரிங் போடாமல் ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேலிருந்து எண்ணெய் மட்டத்தை அளந்து இரண்டு பக்கமும் ஒன்றாக வைக்க வேண்டும். அந்த அளவு உங்கள் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. மேனுவல் எங்கள் மெக்கானிக்கிடம் இல்லை. வெளியே கழற்றினால் வாரண்டி போய்விடும் என்றும் சொல்கிறீர்கள்.

அதனால் வண்டியைக் குட்டியானையில் ஏற்றித் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பக்கத்திலிருக்கும் திருவனந்தபுரமே நாகர்கோவிலிலிருந்து 65 கிலோமீட்டருக்கு மேல். ஏற்றிய வண்டி சாயாமலிருக்க முன்பக்கத்தைப் பட்டையால் இறுக்கிக் கட்டுவார்கள். இறுக்கினால் ஃபோர்க் அமுங்கி, கிழிந்த சீல் வழியாக மிச்ச எண்ணெயும் வெளியேறும். போய்ச் சேர்ந்த இடத்திலும் "சீல் ஸ்டாக் இல்லை" என்றால் அந்த வாடகையை யார் தருவது? லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் ஒரு ரப்பர் வளையத்துக்காகத் தினம் பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்.

சாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். களியக்காவிளையிலிருந்து வரும் வழியில் குழாய்க்காகத் தோண்டி மூடிய பள்ளங்களும் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகளும் இருக்கின்றன. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று இரண்டு மழையும் பெய்யும் மாவட்டத்தில் பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரிவதில்லை. இருட்டில் ஒரு வேகத்தடையில் விழுந்தால் ஃபோர்க் அடிவரை முட்டும். அந்த அழுத்தம் சீலின் உதட்டிலும் விழும். சாலை போடுகிறவர்களிடம் கேட்க வேண்டியதை அவர்களிடம் தனியே கேட்போம். ஆனால் இப்படிப்பட்ட சாலையில்தான் உங்கள் வண்டி ஓடுகிறது என்பதை மனத்தில் வைத்துப் பாகங்களை அனுப்புங்கள்.

நாங்கள் ஷோரூம் கேட்கவில்லை. நாகர்கோவிலில் ஏதேனும் ஒரு அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில், நீங்கள் விற்கும் ஒவ்வொரு மாடலுக்கும் ஃபோர்க் ஆயில் சீலும் டஸ்ட் சீலும் இரண்டு செட், முன் பின் பிரேக் பேடு, கிளட்ச் கேபிள், ஆயில் ஃபில்டர், செம்பு வாஷர்கள், சரியான கிரேடு ஃபோர்க் ஆயில் ஆகியவற்றை வையுங்கள். எல்லாம் ஒரு இரும்பு பீரோவுக்குள் அடங்கும். கூடவே சீல் டிரைவரும் சர்வீஸ் மேனுவலும் கொடுத்து, ஒரு மெக்கானிக்குக்குப் பயிற்சி அளியுங்கள். அவர் கைவைத்த வண்டிக்கு வாரண்டி நீடிக்கும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

அடுத்த தென்மேற்குப் பருவத்துக்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எந்தத் தேதியில் எந்த ஒர்க்‌ஷாப்பில் இருப்பு வைப்பீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்தில் 650 சிசி பைக் ஓட்டுபவர்கள்
நாகர்கோவில்