தயங்குவது குடும்பங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மூளைக் காயம் பற்றிய கட்டுரையில், ‘ஸ்டெம் செல்லும் புதிய மருந்துகளும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டன, குடும்பத்தாரின் தயக்கம்தான் தடை’ என்று ஒரு வாக்கியம். (ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்.) கட்டுரையாளர் எந்தக் குடும்பத்தைப் பார்த்துவிட்டு இதை எழுதினாரோ! தலையில் அடிபட்டவரின் வீட்டார் எதற்கும் தயங்குவதில்லை. அந்தத் தயங்காமையை நம்பித்தான் பலருடைய கல்லாப்பெட்டி நிறைகிறது.

என் தம்பி விபத்தில் சிக்கி ஐ.சி.யூ.வில் கிடந்தபோது, நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டோம். சிட்டிகோலின் என்ற மருந்தை ஏற்றலாம் என்றார்கள், சரி என்றோம். பன்றி மூளையிலிருந்து எடுக்கும் மருந்து ஒன்று உண்டு என்றார்கள், அதற்கும் சரி. தலைக் காயம் பட்ட 1,213 பேரிடம் சிட்டிகோலினைச் சோதித்துப் பலன் இல்லை என்று 2012-லேயே அறிவித்துவிட்டார்கள் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெரிதாக நம்பப்பட்ட புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் இரண்டு பெரிய ஆய்வுகள் பலன் இல்லை என்று 2014-ல் கைவிட்டன. ஸ்டீராய்டு கதை இன்னும் மோசம். 10,008 பேரிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள், பெறாதவர்களில் 17.9 சதவீதம். மூளையைக் காக்கும் என்று நம்பி ஆண்டுக்கணக்காகக் கொடுத்துவந்த மருந்து அது.

இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இடமில்லை. சோதனைக்கூட எலிகள் பிழைத்த கதைக்கு ஒன்றரைப் பத்தி. போகட்டும், பயன் தெரிந்த மருந்தையாவது சொன்னார்களா? ரத்தக்கசிவைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலத்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், இலேசான, நடுத்தரத் தலைக் காயங்களில் சாவு குறைகிறது என்று 2019-ல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு சொன்னது. பழைய, மலிவான மருந்து. அதிசயம் என்று தலைப்புப் போட வசதிப்படாது, உண்மைதான்.

என் தம்பியின் மூளையைக் காத்தவர் இரவுப் பணியில் இருந்த செவிலியர். படுக்கையின் தலைமாட்டை உயர்த்தி வைத்திருப்பார். அவன் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் காட்டும் எண் ஏறும்; ஓடி வந்து இரு கைகளாலும் தலையை ஏந்தி நேராக்குவார், எண் இறங்கும். ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழே போகாமல் அவர் பட்ட பாட்டின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பலத்த தலைக் காயத்தில் ஒருமுறை அப்படி இறங்கினாலும் சாவு இரு மடங்காகிறது என்பது 1993-லேயே தெரிந்த சங்கதி. அடியில் செத்த செல்கள் செத்தவைதான். வீக்கத்தாலும் ரத்தம் போதாமலும் அடுத்தடுத்த மணி நேரங்களில் சாகவிருக்கும் செல்களுக்காகத்தான் அத்தனை போராட்டமும். கட்டுரையில் செவிலியர் என்ற சொல்லே இல்லை.

ஜப்பான் 2024-ல் மூளைக் காயத்துக்கு ஒரு ஸ்டெம் செல் சிகிச்சையை அனுமதித்துவிட்டது என்று கட்டுரை குதூகலிக்கிறது. அனுமதி நிபந்தனையோடும் காலவரையறையோடும் வந்தது என்பதை விழுங்கிவிட்டது. அதற்கு ஆதாரமான ஆய்வில் இருந்தவர்கள் அறுபது சொச்சம் பேர். அடிபட்டு ஓராண்டு கடந்தும் கை கால் சரியாக வராதவர்கள். அறுவை சிகிச்சை செய்து மூளைக்குள் வைக்கும் செல்கள் அவை. ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: ஸ்டெம் செல் மையம் ஒன்றின் முழுப்பக்க விளம்பரம். அப்படி ஒரு மையத்துக்கு நாங்களும் போனோம். இடுப்பெலும்பிலிருந்து செல்களை எடுத்து முதுகில் ஏற்றுவோம் என்றார்கள். எந்த ஆய்வின்படி என்று கேட்டேன். ஒருவர் எழுந்து நடக்கும் வீடியோவைக் காட்டினார்கள். ஒப்புதல் படிவத்தில் கட்டணம் கொட்டை எழுத்தில். ‘பலனுக்கு உத்தரவாதம் இல்லை’ என்பது பொடி எழுத்தில். பக்கவாதம் வந்த ஒருவர் நாடு நாடாகப் போய் முதுகுத்தண்டில் செல்களை ஏற்றிக்கொண்டு, அங்கேயே வேறொருவரின் செல்களாலான கட்டி வளர்ந்து அவதிப்பட்டதை மருத்துவ இதழில் 2016-ல் எழுதியிருக்கிறார்கள். அதைப் போடும் பக்கத்துக்கு விளம்பரதாரர் கிடைத்திருக்க மாட்டார்.

தேர்வுக் காலம்தோறும் ஞாபகசக்தி மாத்திரைகளுக்குத் தாங்கள் செய்யும் சேவையைப் பற்றியும் முன்பொரு கடிதம் எழுதினேன். அதில் ‘கட்டுரையின் நடை அருமை’ என்ற வரியை மட்டும் பிரசுரித்துப் பெருமைப்படுத்தினீர்கள். இந்த முறை நடையைப் பாராட்டாமல் எச்சரிக்கையாக இருக்கிறேன்.

கேட்பது இவ்வளவுதான். சிகிச்சைச் செய்தி போடும்போது, சோதித்தது எலியிலா மனிதரிலா, மனிதர் என்றால் எத்தனை பேரில் என்று முதல் பத்தியில் ஒரு வரி சேருங்கள். அந்த மையத்தின் விளம்பரத்தை வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள். ராசிபலனுக்கு எதிரே இடம் இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி